எல்லை கடந்த குரல்
(பின்னணிப் பாடகர் பி. பி. ஸ்ரீனிவாஸ் அவர்களின் வரலாறும் நம் இளைஞர்க்கு அது தரும் பாடமும்)

முன்னுரை

நம் கல்விக் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில், மலர்க் குழுவினர் நம்மிடம் வரலாற்றுக் கட்டுரை ஒன்று கேட்டனர். அண்ணல் அம்பேத்கர், அயோத்திதாசப் பண்டிதர், இரட்டைமலை சீனிவாசன் ஆகிய பெருமக்களைப் பற்றி எழுத நம்மினும் தகுதி வாய்ந்தோர் கழகத்தில் உளர். நாம் எடுத்துக்கொண்டதோ ஒரு திரைப்படப் பின்னணிப் பாடகரின் வரலாறு. 'கல்விக் கழக மலரில் சினிமாப் பாட்டுக்கு என்ன வேலை?' என்று பெரியோர் சிலர் கேட்கக்கூடும். அவர் நம் சமூகத்தில் பிறந்தவரும் அல்லர். நம் போராட்டங்களில் பங்குகொண்டவரும் அல்லர். எனினும் கெலமங்கலம் பகுதியில் வாழும் நமக்கு அவர் வரலாற்றில் கற்க வேண்டியவை மூன்று உள. ஒன்று, மொழி. மற்றொன்று, அடைபட்ட வாயில் ஒன்றின் கதை. மூன்றாவது, ஆசிரியராகிய நாம் செய்த பிழை ஒன்று. இவற்றை முறையே கூறுவோம்.

பின்னணிப் பாட்டு தோன்றிய வகை

தமிழ்ப் பேசும்படம் 1931-இல் தோன்றியபோது, பாடத் தெரிந்தவரே நடிகராக முடியும் என்ற நிலை இருந்தது. நாடக மேடையில் ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கடைசி வரிசையில் அமர்ந்தவர் காதிலும் விழும்படி உச்சக் குரலில் பாடிப் பழகியவர்களே திரைக்கும் வந்தனர். எம். கே. தியாகராஜ பாகவதர், கே. பி. சுந்தராம்பாள் முதலியோர் அவ்வாறு வந்தவர்கள். கொடுமுடியில் பிறந்த சுந்தராம்பாள் 1935-இல் வெளிவந்த 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராகவே வேடம் பூண்டு நடித்தார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு இலட்சம் ரூபாய் என்பது அக்காலத்து மக்களை வியப்பில் ஆழ்த்திய செய்தி. சேரியில் பிறந்த நந்தனாரின் கதைக்கு இலட்ச ரூபாய் மதிப்பு இருந்தது. சேரியில் வாழ்ந்த மக்களுக்கோ அன்று பல ஊர்களில் பொதுக் கிணற்றில் நீர் மொள்ளும் உரிமையும் இல்லை. இம்முரண்பாட்டை நம் இளைஞர்கள் மனத்திற்கொள்ள வேண்டும்.

ஒருவர் பாட, மற்றொருவர் வாயசைத்து நடிக்கும் முறை இந்திப் படவுலகில் 1935-இல் வந்தது. தமிழில் ஏ. வி. மெய்யப்பன் தயாரித்து 1938-இல் வெளியிட்ட 'நந்தகுமார்' இம்முறையைக் கையாண்ட முதற்படம் என்பர். முதலில் பாட்டைத் தனியே பதிவு செய்வர். பின்னர்ப் படப்பிடிப்பின்போது அதனை ஒலிபெருக்கியில் போட, நடிகர் அதற்கேற்ப வாயசைப்பார். பாட்டுப் பதிவோ எளிய வேலையன்று. அந்நாளில் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே கூடத்தில் ஒருங்கே இருந்து முழுப் பாட்டையும் நிகழ்த்த வேண்டும். எவரேனும் ஒருவர் ஓரிடத்தில் பிசகினாலும் அனைவரும் தொடக்கத்திலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும்.

இம்மாற்றத்தால் விளைந்த நன்மை ஒன்று உண்டு. உச்சக் குரல் இல்லாதவரும் பாடகராகலாம் என்ற நிலை வந்தது. ஒலிவாங்கி மெல்லிய குரலையும் வாங்கிக்கொள்ளும். மூச்சின் அசைவையும் விடாது. மெல்லப் பேசுவது போலப் பாடும் ஒரு குரலுக்கு இடம் பிறந்தது. அவ்விடத்தை நிரப்பியவர்களுள் தலையாயவர் பி. பி. ஸ்ரீனிவாஸ்.

பிறப்பும் கல்வியும்

பிரதிவாதி பயங்கரம் ஸ்ரீனிவாஸ் 1930-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த காக்கிநாடாவில் பிறந்தார். தாய்மொழி தெலுங்கு. 'பிரதிவாதி பயங்கரம்' என்பது எதிர்வாதம் புரிவோரை அஞ்சச் செய்பவர் என்று பொருள்படும் வைணவ மரபுப் பெயர். அத்தகைய அச்சந்தரும் பெயரைத் தாங்கியவரின் குரல் எவரையும் அச்சுறுத்தாத குரலாக அமைந்தது.

தந்தையார் அரசுப் பணியாளர். தாயார் இசையில் ஈடுபாடு உடையவர். மகன் பட்டம் பெற்று அரசுப் பணியில் அமர வேண்டும் என்பது தந்தையாரின் விருப்பம். மகனின் நெஞ்சமோ பாட்டில் கிடந்தது. வீட்டுக்கு வீடு இன்றும் நடக்கும் இவ்வழக்கில் ஸ்ரீனிவாஸ் கைக்கொண்ட வழி சிந்திக்கத் தக்கது. பாட்டுக்காக அவர் படிப்பைக் கைவிடவில்லை. வணிகவியலில் பட்டம் பெற்றார்; இந்தி மொழியையும் முறையாகக் கற்றுத் தேர்ந்தார். இந்தக் கல்வியே பின்னாளில் அவருக்குப் பல மொழிகளின் கதவுகளைத் திறந்த திறவுகோல் ஆயிற்று.

மகனின் மனத்தை மாற்றத் தந்தையார் ஒரு சோதிடரிடம் அழைத்துச் சென்றார் என்றும், திரைத்துறையில் இவனுக்கு எதிர்காலம் இல்லை என்று அவர் கணித்துக் கூறினார் என்றும், அதை ஏற்க மறுத்து இவர் தம் வழியே சென்றார் என்றும் சொல்வார்கள். இதில் சுவையான செய்தி யாதெனில், ஸ்ரீனிவாஸ் தமிழில் பாடத் தொடங்கிய படத்தின் பெயரே 'ஜாதகம்' (1953) என்பதாகும். பிறந்த நேரமும் பிறந்த குலமும் மனிதனின் எதிர்காலத்தை முடிவு செய்யும் என்போர்க்கு இதனினும் நல்ல விடை வேண்டுவதில்லை.

அவர் திரைக்கு வந்த வழி ஜெமினி ஸ்டூடியோவின் வழி. புகழ்பெற்ற வீணைக் கலைஞர் ஈமனி சங்கர சாஸ்திரி அந்நாளில் ஜெமினியின் இசைப் பிரிவில் பணியாற்றினார். அவர் துணையால் எஸ். எஸ். வாசன் எடுத்த 'மிஸ்டர் சம்பத்' (1952) என்னும் இந்திப் படத்தில் ஸ்ரீனிவாசுக்குச் சில வரிகள் பாடும் வாய்ப்புக் கிட்டியது. தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டவர், தமிழ்நாட்டின் தலைநகரில், இந்திப் படத்தின் வழியே தம் தொழிலைத் தொடங்கினார் என்பது குறிப்பிடத் தக்கது.

தமிழ்த் திரையில்

தொடக்கத்துக்குப் பின் சில ஆண்டுகள் பெரிய வாய்ப்பின்றிக் கழிந்தன. 1960-இல் வெளிவந்த 'அடுத்த வீட்டுப் பெண்' படத்தில் அவர் பாடிய பாடல்கள் பட்டிதொட்டி எங்கும் பரவின. நண்பன் மறைந்திருந்து பாட, நாயகன் வாயசைத்துக் காதலியை ஏமாற்றும் நகைச்சுவைக் கதை அது. பின்னணிப் பாடகரின் தொழிலே அப்படத்தின் கதையாக அமைந்துவிட்டது எனலாம்.

அதற்கு அடுத்த ஆண்டு, ஏ. பீம்சிங் இயக்கிய 'பாவ மன்னிப்பு' (1961) வெளிவந்தது. விசுவநாதன் – இராமமூர்த்தி இரட்டையர் இசையில் ஜெமினி கணேசனுக்காக அவர் பாடிய பாடல், அந்நடிகரின் குரல் இதுவே என்று மக்கள் எண்ணும் நிலையை உண்டாக்கியது. 'வீரத்திருமகன்', 'நெஞ்சில் ஓர் ஆலயம்', 'சுமைதாங்கி' (1962), 'நெஞ்சம் மறப்பதில்லை' (1963), 'இராமு' (1966) என வரிசையாக வந்த படங்களின் பாடல்கள் இன்றும் வானொலியில் கேட்கின்றன. சிவாஜி கணேசனுக்கும் எம்.ஜி.ஆருக்கும் டி. எம். சௌந்தரராஜன் வெண்கலக் குரலில் பாடிவந்த காலம் அது. அக்குரலோடு போட்டியிட்டு உரக்கப் பாட ஸ்ரீனிவாஸ் முயலவில்லை. தமக்கு இயல்பாக அமைந்த தாழ்ந்த, மென்மையான குரலையே தம் வலிமையாக ஆக்கிக்கொண்டார். பிறரைப் போல ஆக முயன்று தோற்பதினும் தம்மிடம் உள்ளதைச் செம்மை செய்து வெல்வதே மேல் என்பதற்கு அவர் சான்று.

அவர் பாட்டால் ஒரு கவிஞர் தமிழுக்குக் கிடைத்த வரலாறும் உண்டு. திருவரங்கத்திலிருந்து சென்னைக்கு வந்து வாய்ப்பின்றி வாடிய கவிஞர் வாலி, ஊருக்கே திரும்பிவிடுவது என்று முடிவு செய்திருந்தார். அந்நிலையில் 'சுமைதாங்கி' படத்துக்காகக் கண்ணதாசன் எழுதிய பாடலை ஸ்ரீனிவாஸ் வாயிலாகக் கேட்டுத் தம் முடிவை மாற்றிக்கொண்டதாக வாலியே பலமுறை கூறியுள்ளார். தன்னினும் கீழே உள்ள கோடிப் பேரை எண்ணிப் பார்த்து மனத்தைத் திடப்படுத்திக்கொள் என்னும் கருத்துடைய பாடல் அது. அக்கருத்தில் நமக்கு முழு உடன்பாடு இல்லை என்பதையும் ஈண்டு சொல்லிவிட வேண்டும். கீழே உள்ள கோடிப் பேரில் ஒருவராக இருப்பவன் யாரைப் பார்த்து ஆறுதல் அடைவான்? எனினும் சோர்ந்த மனிதன் ஒருவனை அப்பாட்டு எழுப்பி நிறுத்தியது என்பது மறுக்க முடியாத உண்மை.

கன்னட நாட்டின் குரல்

தமிழில் பெற்ற புகழினும் பெரும்புகழைக் கன்னடம் அவருக்குத் தந்தது. கன்னடத் திரையுலகின் தலைமகனாக விளங்கிய டாக்டர் இராஜ்குமாரின் குரலாக அவர் ஆனார். இராஜ்குமார் 1929-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள் நாடகக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய சொந்த ஊராகிய காஜனூர் இன்று தமிழ்நாட்டின் ஈரோடு மாவட்டத்தில், தாளவாடிப் பகுதியில் உள்ளது. இளமையிலேயே பள்ளிப்படிப்பு நின்றுவிட்டவர். ஆக, தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கும் ஊரைச் சேர்ந்த நடிகருக்குத் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட, சென்னையில் வாழ்ந்த பாடகர் குரல் கொடுக்க, அதனைக் கன்னட மக்கள் தம் மண்ணின் குரல் என்று கொண்டாடினர்.

1960 முதல் ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் இவ்விணை நிலைத்தது. 'கஸ்தூரி நிவாச' (1971), 'கந்தத குடி' (1973) முதலிய படங்களின் பாடல்களை அறியாத கன்னடர் இலர். 'கந்தத குடி' படத்தில் கன்னட மொழியையும் நாட்டையும் போற்றும் பாடல் ஒன்று உண்டு. அம்மாநிலத்தின் விழாக்களில் இன்றும் ஒலிக்கும் அப்பாடலைப் பாடியவர் ஸ்ரீனிவாஸ்தான். தம்மை உடல் என்றும் ஸ்ரீனிவாசைக் குரல் என்றும் இராஜ்குமார் பெருந்தன்மையோடு கூறியதுண்டு.

1974-இல் ஒரு திருப்பம் நேர்ந்தது. ஜி. கே. வெங்கடேஷ் இசையமைத்த 'சம்பத்திகே சவால்' படத்தில் இராஜ்குமார் தாமே ஒரு பாடலைப் பாடினார். அதற்கு முன்னும் அவர் ஓரிரு பாடல்கள் பாடியவரே. ஆனால் இப்பாட்டு அடைந்த பெருவெற்றியால் அதன்பின் தம் பாடல்களைத் தாமே பாடும் வழக்கம் ஏற்பட்டது. பின்னாளில் சிறந்த பாடகருக்கான தேசிய விருதையும் இராஜ்குமார் பெற்றார். இயல்பாகவே ஸ்ரீனிவாசுக்குக் கன்னட வாய்ப்புகள் குறைந்தன. தமிழிலும் எஸ். பி. பாலசுப்பிரமணியம், கே. ஜே. யேசுதாஸ் முதலிய இளைய குரல்கள் வந்துவிட்ட காலம் அது. பிறருக்குக் குரலாக வாழும் தொழிலின் நிலையாமை இதனால் விளங்கும்.

கனகதாசரும் சுவரின் துளையும்

இனி நாம் கூற வந்தவற்றுள் இதயமான பகுதிக்கு வருவோம். இராஜ்குமாரின் குரலாக ஸ்ரீனிவாஸ் நிலைபெற்ற படம் 1960-இல் வெளிவந்த 'பக்த கனகதாச'. கனகதாசர் பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த கன்னடப் பக்திக் கவிஞர். இன்றைய ஹாவேரி மாவட்டத்துப் பாட என்னும் ஊரில், ஆடு மேய்க்கும் குறுபர் குலத்தில் பிறந்தவர். உடுப்பிக் கிருஷ்ணன் கோவிலுக்கு வந்த அவரைக் குலத்தைக் காட்டி உள்ளே விடவில்லை என்றும், அவர் வெளியே நின்று பாடவே மேற்குச் சுவர் பிளந்தது என்றும், கிழக்கு நோக்கியிருந்த திருவுருவம் மேற்கே திரும்பி அப்பிளவின் வழியே அவருக்குக் காட்சி தந்தது என்றும் கதை வழங்குகிறது. அவ்விடத்தில் உள்ள சாளரத்தைக் 'கனகனின் துளை' என்று பொருள்படும் பெயரால் இன்றும் அழைக்கின்றனர்.

அடைபட்ட வாயிலின் முன் நின்று, கதவைத் திறந்து தொண்டு செய்ய அருள்வாய் என வேண்டும் கனகதாசரின் கீர்த்தனத்தை அப்படத்தில் ஸ்ரீனிவாஸ் பாடினார். நாம் சிறுவராக இருந்தபோது எம் தெருவில் இருந்த ஒரே வானொலிப் பெட்டியில் பெங்களூர் நிலையத்தை வைத்துக் கேட்ட பாடல்களுள் அதுவும் ஒன்று. பாடலின் பொருளை எமக்கு எடுத்துச் சொன்ன பாட்டனார், பாட்டு முடியும்வரை பறையின் தோலைத் தடவிக்கொண்டே இருப்பார். திருவிழாவில் அவர் பறை முழங்காமல் தேர் நகராது. ஆனால் தேர் நிலைக்கு வந்தபின் அவர் நிற்கும் இடம் வெளியேதான். வாயில் அடைபட்ட கதையை அவருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

தமிழில் நந்தனார் கதையும் கன்னடத்தில் கனகதாசர் கதையும் ஒப்புநோக்கத் தக்கன. நந்தனார் தீயில் மூழ்கிய பின்னரே தில்லைக்குள் செல்ல முடிந்தது. கனகதாசர்க்குச் சுவரில் துளை கிடைத்தது. இரண்டு கதைகளிலும் இறைவன் அடியவர் பக்கம் நிற்கிறான். ஆனால் இரண்டிலும் வாயில் மட்டும் திறக்கப்படவே இல்லை. பாட்டைக் கேட்டுக் கண்ணீர் வடித்த மேலோர் பலரும் வீடு திரும்பித் தம் கதவைச் சார்த்திக்கொண்டனர். பாட்டு மனத்தை இளக்கும். ஆனால் மனம் இளகினால் மட்டும் தாழ் திறவாது.

தாழ் திறந்தது வேறு வழியால். 1924-இல் வைக்கத்திலும், 1930 மார்ச்சு 2 முதல் நாசிக்கின் காலாராம் கோவிலிலும் மக்கள் திரண்டு நின்றனர். 1939 சூலை 8-இல் மதுரை மீனாட்சியம்மன் கோவிலுக்குள் ஆலயப் பிரவேசம் நடந்தது. 1947-இல் சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேச உரிமைச் சட்டம் வந்தது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அண்ணல் அம்பேத்கரோ நாசிக் போராட்டத்துக்குப் பின், நம் மக்களின் ஆற்றல் கல்விக்கும் அரசியல் உரிமைக்குமே செலவாக வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, மறு ஆண்டே பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கினார். நம் கழகம் போன்ற சிறிய கழகங்கள் யாவும் அப்பெரிய ஆலமரத்தின் விழுதுகளே.

கனகதாசரின் மற்றொரு நூலையும் நம் பகுதி மக்கள் அறிய வேண்டும். 'இராமதான்ய சரிதை' என்னும் அந்நூலில் நெல்லுக்கும் கேழ்வரகுக்கும் எது உயர்ந்தது என்று வழக்கு நடக்கிறது. நெல், தான் மேலோர் உணவு என்று செருக்கிப் பேசுகிறது. இராமன் இரண்டையும் ஆறு திங்கள் சிறையில் வைக்கிறான். நெல் கெட்டுப் போகிறது. கேழ்வரகு கெடாமல் நிற்கிறது. கேழ்வரகுக்கே சிறப்பு என்று தீர்ப்பாகிறது. கேழ்வரகுக் களி உண்டு வளர்ந்த கெலமங்கலத்து மக்களுக்கு இக்கதையின் பொருளை விரிக்க வேண்டுவதில்லை.

எல்லைப்புறத்து மக்களும் மொழியும்

1956 நவம்பர் 1-ஆம் நாள் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது நம் ஓசூர் வட்டாரம் சென்னை மாநிலத்தில் நின்றது. அன்று சேலம் மாவட்டமாகவும், 1965 முதல் தருமபுரி மாவட்டமாகவும், 2004 முதல் கிருஷ்ணகிரி மாவட்டமாகவும் பெயர் மாறிவந்த இம்மண்ணில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் ஒரே தெருவில் வழங்குகின்றன. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, பள்ளியில் தமிழ் படித்து, வேலைக்குப் பெங்களூர் செல்வோர் நம்முள் பலர். இதைச் சிலர் குறையாகக் கருதுகின்றனர். 'எம் பிள்ளைக்கு எந்த மொழியும் சரியாக வரவில்லை' என்று நம்மிடம் வருந்தும் பெற்றோர் உண்டு.

ஸ்ரீனிவாஸ் எட்டு மொழிகள் அறிந்தவர். தெலுங்கு, தமிழ், கன்னடம், மலையாளம், இந்தி, உருது, வடமொழி, ஆங்கிலம் ஆகியவற்றில் பேசவும் எழுதவும் வல்லவர். உருதுவில் கஜல்களும் இயற்றினார். இதில் கூர்ந்து நோக்க வேண்டிய உண்மை ஒன்று உண்டு. தாய்மொழியான தெலுங்குத் திரையில் கண்டசாலா முடிசூடா மன்னராக இருந்தமையால் இவருக்குப் பெரிய இடம் கிட்டவில்லை. இவரை உயர்த்தியவை இவர் கற்றுக்கொண்ட மொழிகளே. பிறந்த இடத்தில் வாயில் அடைபட்டிருந்தால் கல்வி வேறொரு வாயிலைத் திறக்கும் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு நாம் அறியோம். நம் தெருவில் இயல்பாகக் கிடைக்கும் நான்கு மொழிகளுள் ஒவ்வொன்றுக்கும் எழுத்தும் இலக்கணமும் கற்றுக்கொண்டால் நம் பிள்ளைகளின் குறை நிறைவாகிவிடும்.

மொழிப்பகையின் கேட்டையும் நாம் கண்டிருக்கிறோம். 1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையை ஒட்டிக் கர்நாடகத்தில் கலவரம் மூண்டபோது, பெங்களூரின் குடிசைப் பகுதிகளில் வாழ்ந்த தமிழ்க் கூலி மக்கள் குடிசைகளை இழந்தனர். பலர் குழந்தை குட்டிகளோடு எல்லையைக் கடந்து இப்பக்கம் வந்தனர். மாளிகைவாசிகள் எவரும் அவ்வாறு வரவில்லை. எந்த மொழியின் பெயரால் சண்டை நடந்தாலும் முதலில் எரிவது ஏழையின் கூரையே. 1880-களில் தொடங்கிய கோலார் தங்கவயல் சுரங்கங்களில் இறங்கி உழைத்தவர்களுள் பெரும்பாலோர் தமிழ் பேசும் நம் மக்கள். 2001-இல் சுரங்கம் மூடப்படும்வரை அவர்கள் கன்னட மண்ணுக்குப் பொன் எடுத்துக் கொடுத்தனர். எல்லைக்கு இருபுறமும் நம் வியர்வை சிந்தியிருக்கிறது. ஆகவே இருபுறத்து மொழியும் நமக்கு உரியவையே. மொழிப் பற்று வேண்டும். மொழிப் பகை வேண்டா.

பிற்காலமும் மறைவும்

பாட்டு வாய்ப்புகள் குறைந்தபின் ஸ்ரீனிவாஸ் ஒடுங்கிப் போய்விடவில்லை. எழுத்தில் ஈடுபட்டார். சென்னை உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் உணவகத்தில் நாள்தோறும் வந்தமர்ந்து, சட்டைப்பையில் பல வண்ணப் பேனாக்களும் கையில் தாள்களுமாக எழுதிக்கொண்டிருந்த அவரைக் கண்டவர் பலர். தலையில் மைசூர்ப் பாணியில் ஒரு தொப்பி இருக்கும். அவ்வுணவகம் 2008-இல் மூடப்பட்டு, அவ்விடத்தில் இன்று செம்மொழிப் பூங்கா விளங்குகிறது. தமிழ்நாட்டரசின் கலைமாமணி விருது அவரைச் சிறப்பித்தது. 2010-இல் வெளிவந்த 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தில் எண்பதை நெருங்கிய அகவையில் அவர் குரல் மீண்டும் ஒலித்தது. 1952-இல் தொடங்கிய பயணம் ஐம்பத்தெட்டு ஆண்டுகள் நீண்டது.

2013-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் சென்னையில் அவர் இயற்கை எய்தினார். அகவை எண்பத்திரண்டு. அன்று அண்ணல் அம்பேத்கர் பிறந்த நாள். நம் தெருவில் அண்ணலின் படத்துக்கு மாலையிட்டுப் பிள்ளைகளுக்கு எழுதுபொருள் வழங்கிக்கொண்டிருந்த வேளையில் இச்செய்தி வந்தது. விழாவின் முடிவில் கன்னடப் பாட்டு ஒன்றை ஒலிக்கச் செய்யலாமா என்று முதியவர் ஒருவர் கேட்டார். அம்பேத்கர் விழாவில் பக்திப் பாட்டா என்று இளைஞர்கள் மறுத்தனர். இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. நாம் யாதும் கூறாமல் இருந்துவிட்டோம். இன்று கேட்டால், போடுங்கள், போட்டுவிட்டு அவ்வாயில் ஏன் அடைபட்டிருந்தது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள் என்போம்.

நாம் செய்த பிழை

தொடக்கத்தில் குறிப்பிட்ட மூன்றாவது செய்தி இது. பல ஆண்டுகளுக்கு முன் நம் வகுப்பில் நம் சமூகத்து மாணவன் ஒருவன் இருந்தான். காலை வழிபாட்டில் அவன் பாடினால் பள்ளியே அசையாமல் நிற்கும். எவரும் கற்றுக் கொடுக்காத பாட்டு. வழிவழியாக வந்த குரல். அவன் கணக்கில் பின்தங்கியபோது நாம் அவனை அழைத்து, 'பாட்டு சோறு போடுமா? பாடுவதை விட்டுப் படிப்பைப் பார்' என்று கடிந்தோம். பறையும் பாட்டும் நம்மை இழிவில் நிறுத்திவிட்டன; பட்டமும் பணியுமே நம்மை மீட்கும் என்பது அன்று நம் உறுதியான எண்ணம். அவன் பாட்டை விட்டான். ஆனால் கணக்கும் வரவில்லை. பத்தாம் வகுப்போடு நின்று ஓசூரில் ஒப்பந்தத் தொழிலாளியாகச் சேர்ந்தான்.

அண்மையில் ஓசூர்ப் பேருந்து நிலையத்தில் அவனைக் கண்டோம். வணங்கி நலம் கேட்டான். 'இப்போது பாடுகிறாயா?' என்றோம். 'நீங்கள்தான் வேண்டாம் என்றீர்களே ஐயா' என்று சிரித்துக்கொண்டே சொன்னான். அச்சிரிப்பில் குற்றச்சாட்டு இல்லை. அதுவே நமக்குச் சுமையாயிற்று. ஸ்ரீனிவாசின் தந்தையார் மகனுக்குப் பட்டம் வேண்டும் என்றார், அது தவறன்று. மகன் பட்டமும் பெற்றான், பாட்டையும் விடவில்லை. நாம் நம் மாணவனிடம் ஒன்றை விட்டால்தான் மற்றொன்று கிடைக்கும் என்றோம். அவன் இரண்டையும் இழந்தான். மேல்நிலையில் உள்ள வீடுகளில் பிள்ளைகள் படித்துக்கொண்டே பாட்டும் கற்கின்றனர். நம் பிள்ளைகளை மட்டும் ஏன் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளச் சொல்கிறோம்? பட்டங்கள் பல பெற்றும் நிறையாத அறிவு வேட்கை கொண்ட அண்ணலே முதிய அகவையில் வயலின் கற்க முனைந்தார் என்பதை நாம் அன்று எண்ணிப் பார்க்கவில்லை.

முடிவுரை

அன்பார்ந்த இளைஞர்களே! பின்னணிப் பாடகரின் முகம் திரையில் தெரிவதில்லை. உழைப்பு அவருடையது, கைதட்டல் வேறொருவர்க்கு. நம் முன்னோரின் வாழ்வும் அத்தகையதே. அவர்கள் தோண்டிய ஏரியும் வெட்டிய பொன்னும் முழக்கிய பறையும் பிறர் பெயரால் விளங்கின. ஆயினும் ஸ்ரீனிவாசின் பெயரைப் படத்தின் எழுத்துப் பட்டியலில் போட்டார்கள், இசைத்தட்டில் அச்சிட்டார்கள். நம்மவர் பெயரை எழுதிவைக்க எவரும் இலர். அவற்றை எழுதிவைப்பது கல்வி கற்ற உங்கள் கடமை. உங்கள் பாட்டனார், பாட்டியார் பாடும் பாடல்களையும் அவற்றைப் பாடியவர் பெயரையும் ஒரு குறிப்பேட்டில் எழுதத் தொடங்குங்கள்.

கழகத்தின் பெரியோர்களுக்கு நம் வேண்டுகோள் இரண்டு. மாலை வகுப்பில் கிழமைக்கு ஒருநாள் இசைக்கு ஒதுக்குக. பறையும் அதில் இடம்பெறுக. கிழமைக்கு மற்றொரு நாள் கன்னட எழுத்தும் தெலுங்கு எழுத்தும் கற்பிக்க ஏற்பாடு செய்க. பணி ஓய்வுக்குப் பின் அவ்வகுப்பில் தமிழ் கற்பிக்க நாம் வருவோம். பாட்டுக் கற்பிக்க ஒருவர் வேண்டும். ஓசூரில் பணிபுரியும் அம்மாணவனை அழைக்க எண்ணியுள்ளோம். அவன் இசைந்தால், நாம் அடைத்த வாயில் ஒன்றேனும் திறந்ததாகும்.

வாழ்க நம் கல்விக் கழகம்! வளர்க அதன் தொண்டு!